ஒட்டகம் நல்லா இருக்கு

தேயிலைப் பெட்டியின் மூடியைத் தூக்கியதும் கீச்சென்று கீல் கத்தியது, அதன் பின்னால் பழைய வாசனை வந்து அமலியின் முகத்தில் அடித்தது. கற்பூர உருண்டை, காய்ந்த வைக்கோல், மெழுகுத்திரி, மூன்றும் கலந்த வாசனை. மாமியார் இருந்த நாளில் இந்த வாசனை வந்துவிட்டால் கிறிஸ்மஸ் வந்துவிட்டது, பிள்ளைகளுக்குப் பசி எடுக்காது, பெரியவர்களுக்கு இடுப்பு வலிக்காது. அப்போது இந்த வீட்டின் நடுவே சுவர் கிடையாது. இப்போது இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அமலியின் வீடு. இந்தப் பக்கம் அவள் புருஷன் தொம்மையின் அண்ணன் லெயோனும் அவர் பெண்டாட்டி கித்தேரியும். கித்தேரி வீட்டுத் தரையில்தான் அமலி இப்போது கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறாள், விடிந்தால் கிறிஸ்மஸ் என்கிற மத்தியானத்தில், தன் வீட்டில் முந்திரிக்கொத்துக்குப் பாகு காய்ச்சுவதைப் போட்டுவிட்டு. காரணம் கித்தேரியின் கை. போன வாரம் துவைக்கிற கல்லடியில் வழுக்கி விழுந்தவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்து, முழங்கை வரைக்கும் வெள்ளைக் கட்டு. கொல்லைச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏளா அமலி, இந்த வருசம் எங் குடிலை நீதான் வந்து வச்சுத் தரணும், வேற ஆளு எனக்குச் சரிப்படாது" என்று அவள் சொன்னபோது அமலிக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. ஏன் சரிப்படாது, கோயில் பாட்டுக்குழுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் ஓடி வருவார்கள், எதற்கு என்னை. பார்த்துக்கொள், இது என்னிடம் இருக்கிறது, உன்னிடம் இல்லை என்று என் கையாலேயே எடுத்து அடுக்க வைத்துப் பார்க்கவா. மனசு இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வாய் வாரேங்க்கா என்று சொல்லிவிட்டது. சொன்ன வாய்க்குப் பின்னால் வேறு ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்ததும் அப்போதுதான். அந்த நினைப்புதான் இப்போது கைக்குட்டையில் சுற்றி அவள் இடுப்பில், சேலைக் கொசுவத்துக்குள்ளே சொருகிக் கிடக்கிறது, மூச்சு விடும்போதெல்லாம் வயிற்றில் குத்திக்கொண்டு.

மாதா முதலில் வந்தாள். பஞ்சை விலக்கினால் நீலப் போர்வை, குனிந்த கழுத்து, ஒன்றோடு ஒன்று சேர்ந்தும் சேராமலும் இருக்கிற விரல்கள். பீங்கான்தான், ஆனால் தொட்டால் தோலைத் தொட்ட மாதிரி இருக்கும். மாமியாரின் அப்பா தோணியை ஓட்டுகிற தண்டலாக இருந்தவர், கொழும்புக்கு உப்பும் ஓடும் ஏற்றிப் போய்வருவார், அப்படி ஒரு நடையில் இந்தக் குடில் சுரூபங்களை இதே தேயிலைப் பெட்டியில் வைக்கோல் போட்டு அடுக்கிக் கொண்டுவந்தார் என்று மாமியார் வருஷா வருஷம் சொல்வாள், ஒவ்வொரு வருஷமும் கடலில் காற்று கொஞ்சம் கூடிக்கொண்டே போகும். அந்த மாதாவை அமலி பதினெட்டு வருஷமாகக் கையால் தொட்டதில்லை. இது என் கைக்கு வந்திருக்க வேண்டியது. வந்திருக்கும். எடுத்திருந்தால் வந்திருக்கும். அங்கேதான் ஒவ்வொரு தடவையும் அந்த நினைப்பு முள்ளில் துணி மாட்டின மாதிரி மாட்டும், இழுத்தால் கிழியும். பாகம் பிரித்த அன்றைக்கு மூத்தவன் பங்கு வைக்கணும், இளையவன் எது வேண்டுமென்று எடுக்கணும், இந்தக் குடும்பத்தில் அதுதான் முறை. பங்கு வைக்கிறவன் கள்ளத்தனம் பண்ண முடியாது பாருங்கள், அதற்காக. கட்டில், அண்டா, குத்துவிளக்கு எல்லாம் அப்படியே பிரித்தாயிற்று. கடைசியில் இந்தப் பெட்டி. லெயோன் அத்தான் தரையில் இரண்டு கூறு வைத்தார், மீன் கூறு வைக்கிற மாதிரி. ஒரு கூறில் மாதா, சூசையப்பர், பாலன் இயேசு, ஒரு மாடு, ஒரு கழுதை. இன்னொரு கூறில் மூன்று ராஜாக்கள், ஒட்டகம், இடையர்கள், ஆட்டுக்குட்டிகள், இறக்கை விரித்த சம்மனசு. தொம்மை பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான், எடு என்று. அமலிக்கு அன்றைக்கு இருபத்துநாலு வயசு, இடுப்பில் மூன்றாவது பிள்ளை. ராஜாக்களின் கிரீடத்தில் பொன்பூச்சு மினுங்கியது. ஒட்டகத்தின் மேலே சிவப்புச் சேணம், அதில் குஞ்சம் கூட வடித்திருந்தான். எண்ணிக்கையும் கூட. அவள் கை நீண்டுவிட்டது. யாரும் பிடித்துத் தள்ளவில்லை. அவள் கைதான், தானாகத்தான் நீண்டது. எதிரே நின்ற கித்தேரி அக்கா குனிந்து பாலனை எடுத்துத் தன் முந்தானையில் சுற்றிக்கொண்டாள். அந்தக் குனிதல். பதினெட்டு வருஷமாக அமலியின் கண்ணுக்குள்ளே அவள் குனிந்துகொண்டே இருக்கிறாள்.

அந்த வருஷம் டிசம்பரில் ராஜாக்களை வரிசையாக நிறுத்தி, ஒட்டகத்தை முன்னால் விட்டு, சம்மனசை நூலில் கட்டித் தொங்கவிட்டு, எட்டி நின்று பார்த்தபோதுதான் அமலிக்கு உறைத்தது. இத்தனை பேரும் வந்திருக்கிறார்களே, யாரைப் பார்க்க? நடுவில் வைக்கோல் மட்டும் கிடந்தது. திருவிழாக் கடையில் சுண்ணாம்புச் சுரூபம் மூன்று வாங்கி வைத்தாள். அந்த மாதா ராஜாவின் இடுப்புக்குத்தான் வந்தாள். சூசையப்பரை ஒட்டகம் தின்றுவிடும் போல நின்றது. தொம்மை பார்த்துவிட்டு, ராஜாக்கள் கும்பிட வந்த மாதிரி இல்லையே, வீட்டைக் காலி பண்ணச் சொல்லி வந்த மாதிரில்ல நிக்கிறாங்க என்று சிரித்தான். அவன் சிரித்ததை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. சின்னதை மறைக்கப் பெரியது வைத்தாள், பெரியதை மறைக்க இன்னும் நாலு வைத்தாள். கண்ணாடித் துண்டில் குளம், குளத்தில் பிளாஸ்டிக் வாத்து, கடல் மணல், சோழி, மூத்தவன் விளையாடின பொம்மை ரயில், மின்னி மின்னி அணைகிற சீரியல் பல்பு மூன்று வரிசை. வருஷத்துக்கு வருஷம் சேர்ந்துகொண்டே போனது, குடில் போய் சந்தைக்கடை ஆனது. தெருவில் இருக்கிறவர்கள் கிறிஸ்மஸ் அன்றைக்குக் குடில் பார்க்க வருவார்கள், முதலில் கித்தேரி வீட்டுக்குத்தான் போவார்கள், அங்கே மாடத்து முன்னால் முழங்கால் போட்டு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்வார்கள், சுவர் வழியாக அந்த முணுமுணுப்பு இங்கே கேட்கும், பிறகு எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு இங்கே வருவார்கள். இங்கே யாரும் முழங்கால் போட்டதில்லை. நின்றபடியே பார்ப்பார்கள். கையில் முந்திரிக்கொத்தை வாங்கிக்கொண்டு, மென்றுகொண்டே, "ஒட்டகம் நல்லா இருக்கு" என்பார்கள். ஒவ்வொரு வருஷமும், ஒவ்வொரு வாயும். பங்குச் சாமியார் கூட ஒரு வருஷம் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, வெகுநேரம் யோசித்து, ஒட்டகம் நல்லா இருக்கே என்றுதான் சொன்னார். ஒரு நாளைக்கு நான் செத்துக் கிடந்தாலும் மாலை போட வருகிறவர்கள் அதைத்தான் சொல்லிவிட்டுப் போவார்கள்.

உள்ளறையில் கட்டில் முனகியது. அமலியின் கை தானாக இடுப்புக்குப் போனது. கித்தேரி அக்கா எழுந்து வருகிறாளோ. இல்லை, புரண்டு படுக்கிறாள். "ஏளா, சூசையப்பரைக் கொஞ்சம் பின்னாடித் தள்ளி வையி, கையில இருக்க லாந்தர் சுவரைப் பாத்து இருக்கட்டும்" என்று அங்கிருந்தே குரல் வந்தது. சரிங்க்கா. பார்க்காமலே சொல்கிறாள், பார்த்த மாதிரி. இதுதான், இந்தக் கைப்பக்குவம்தான் அமலியைக் கொல்கிறது. சுவரில் பதித்த மாடம் அது, ஆள் குனிந்து நுழைகிற அகலம், பிரிவினைக்கு முன்னால் குடும்பம் முழுவதும் கூடி ஜெபம் சொன்ன இடம். அதில் சாக்கைச் சேற்றில் முக்கிக் காயவைத்து மலை மாதிரி மடித்து நிறுத்தி, கீழே ஒரு பிடி மணல், ஓரத்தில் தட்டில் முளைக்க வைத்த கேழ்வரகுப் பச்சை, அவ்வளவுதான். பாதி மாடம் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற அந்த இடம்தான் பார்க்கிறவனை உள்ளே இழுக்கும். அமலி மாதாவை வைத்தாள், சூசையப்பரைத் தள்ளி வைத்தாள், மாட்டின் மூக்கு, பாலன் படுக்கிற தீவனத் தொட்டியான முன்னிட்டியைப் பார்க்கிற மாதிரித் திருப்பினாள், கழுதையைப் பாதி இருட்டில் விட்டாள். எட்டி நின்று பார்த்தாள். நான் வைத்தும் நன்றாகத்தானே இருக்கிறது. அப்படியானால் கை இல்லை, சாமான்தான். இந்தச் சாமான் என்னிடம் இருந்தால் எனக்கும் வரும். இருந்தால். பல்பை மாட்டும்போது மட்டும் ஒன்று இடித்தது. ஒரே ஒரு சின்ன மஞ்சள் பல்பு, மாதாவின் தோளுக்குப் பின்னால் ஆணி அடித்த இடத்தில் மாட்ட வேண்டுமாம். அங்கே மாட்டினால் மாதா முகம் ஜொலிக்கிறது, பாலன் படுக்கிற முன்னிட்டி இருட்டாகிவிடுகிறது. முட்டாள்தனமாக இல்லையா? எல்லாரும் எதைப் பார்க்க வருகிறார்களோ அதன் மேலே வெளிச்சம் விழ வேண்டாமா? அமலி பல்பைக் கழற்றி முன்னால் கொண்டுவந்து வைக்கோல் மேலே பிடித்துப் பார்த்தாள். எவ்வளவு நன்றாக இருக்கிறது. அந்தப் பாலன் முகத்துக்கு இந்த வெளிச்சம் விழுந்தால். ஒவ்வொரு வருஷமும் மாடத்துக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மங்கலாகத் தெரிகிற முகம்தான், ஆனால் பளிச்சென்று இருக்கும், சிவப்பு உதடு, ரோஜாக் கன்னம். தன் வீட்டுச் சுண்ணாம்புப் பாலனுக்கு இரண்டாம் வருஷமே மூக்கு போய்விட்டது, மூன்றாவது வாங்கி, நாலாவது வாங்கி, இப்போது இடுப்பில் இருப்பது ஐந்தாவது. இவள் வீட்டுப் பாலனுக்கு மட்டும் வயசே ஆகாதா? போன வருஷம் கண் கூடக் கொஞ்சம் பெரிசாகத் தெரிந்தது. பொறாமை பிடித்தால் கண்ணுக்கு எல்லாம் பெரிசாகத்தான் தெரியும் என்று அப்போது தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

கண்ணாடி. பிரிவினைக்கு முன்னால், பூசை முடிந்து வந்ததும் பிள்ளைகள் வரிசையாகப் போய்ப் பாலனின் காலை முத்தி செய்வார்கள், அது இந்த வீட்டு வழக்கம். பிரிந்த பிறகும் முதல் வருஷம் அமலியின் பிள்ளைகள் இங்கே ஓடி வந்து முத்தி செய்துவிட்டுத்தான் போனார்கள். அடுத்த வருஷம் மாடத்துக்கு முன்னால் கண்ணாடிக் கதவு. பூட்டு வேறு. பிள்ளைகள் மூக்கைக் கண்ணாடியில் நசுக்கிக்கொண்டு நின்றார்கள். சின்னவன் கண்ணாடிக்கே ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, எச்சில் வட்டத்தோடு திரும்பி வந்தான். அமலிக்கு அன்றைக்கு வந்த கோபம் லேசுப்பட்டதில்லை. கொல்லையில் நின்று சுவர் கேட்கிற மாதிரிச் சொன்னாள், எம் பிள்ளைய வாயி பட்டா பாலன் தேஞ்சா போயிருவாரு, பிள்ளை இல்லாதவளுக்குப் பிள்ளை வாயோட அருமை எங்க தெரியும். கடைசியில் சொன்னது, அது தானாக வந்துவிட்டது. அந்தப் பக்கம் தண்ணீர் இறைக்கிற சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் வாளி இறங்கியது. பதிலே இல்லை. பதில் சொல்லியிருந்தால் சண்டை போட்டு முடிந்திருக்கும். பதில் இல்லாததால் அந்த வார்த்தை இன்னும் அந்தக் கிணற்றடியிலேயே நிற்கிறது, அமலி தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் தாண்டிக்கொண்டு போகிறாள்.

ஏனென்றால் அது கண்ணாடி போட்ட வருஷம், அதற்கு நாலு மாசம் முன்னால்தான். வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். மாட்டின் கொம்பில் பஞ்சு ஒட்டியிருக்கிறது, எடு. கழுதையின் காதைத் துடை. நினைக்க வேண்டாம் என்றால் நினைப்பு கேட்கிறதா. பாலன் வந்த மறு வருஷமே கித்தேரி முழுகாமல் இருந்தாள், கலியாணம் ஆகிப் பத்து வருஷத்துக்குப் பிறகு. தெரு முழுக்க ஒரே பேச்சு, பாலன் வீடு வந்ததும் பிள்ளை வந்துட்டுது பாத்தியா என்று. அமலிக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் ராஜாக்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று யாரும் சொல்லவில்லை. அப்போதுதான் அமலி தன் சின்னவனுடைய சட்டைக்கு வாங்கி மிஞ்சின மஞ்சள் கம்பளி நூலில் ஒரு ஜோடிக் காலுறை பின்னினாள், கட்டைவிரல் நீளத்துக்கு, ஆசையாகத்தான் பின்னினாள், பின்னும்போதே நெஞ்சு எரிந்தது, இரண்டும் ஒரே ஊசியில்தான் ஓடின. கித்தேரி அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, நல்லாப் பின்னுவியேளா நீ என்றாள். எட்டாம் மாசம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. அமலி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை மூச்சில்லாமல் பிறந்ததாம். உரிக்கிற கை நின்றது. உள்ளேயிருந்து ஒரு மூச்சு வெளியே போனது. அந்த மூச்சு என்ன மூச்சு என்று அவள் இன்றுவரைக்கும் திரும்பிப் பார்த்ததில்லை. உடனே எழுந்து மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள், நிஜமாகவே அழுதாள், எல்லாரையும் விடச் சத்தமாக. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை, அப்போதெல்லாம் கல்லறைத் தோட்டத்து மந்திரித்த மண்ணுக்குள்ளே வைக்க மாட்டார்கள், பின்சுவர் ஓரம்தான், சாமியார் வர மாட்டார், பாட்டு கிடையாது. லெயோன் அத்தான் பலகை அறுத்துச் சின்னதாக ஒரு பெட்டி அடித்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தபோது கித்தேரி, எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க என்றாள். அமலி மட்டும் நின்றாள், கூடப்பிறந்தவள் மாதிரி. "நீயும் போளா அமலி." நீயும். அந்த நீயும் என்கிற வார்த்தையை அவள் எத்தனை நாள் வைத்து உரசியிருக்கிறாள். வெளியே நின்றபோது உள்ளே கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. இந்தத் தேயிலைப் பெட்டியின் கீல். இதே கீல்தான். பூப்பின்னல் போட்ட லேசுத் துணி எடுக்கிறாளாக்கும் என்று நினைத்தாள். கதவு திறந்தபோது பெட்டி மூடி ஆணி அடித்தாயிற்று. அத்தான் தூக்கிக்கொண்டு தனியாக நடந்தார்.

"பாலனை மட்டும் துணியோட அப்படியே எடுத்து வையிளா. பிரிக்காத. பூசை முடிஞ்சு வந்து மேல்துணிய நானே இந்த இடக்கையால எடுத்துக்கிடுதேன்." உள்ளேயிருந்து குரல். பிரிக்காதே. என் கை அழுக்கா? சரிங்க்கா. பெட்டியின் அடியில் ஒரு பிஸ்கட் டப்பா, டப்பாவுக்குள்ளே லேசுத் துணியில் சுற்றின ஒரு பொதி. இதோ. இதற்குத்தான். அமலி வாசலைப் பார்த்தாள். அத்தான் கறி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனவர், இன்றைக்குக் கூட்டம், உடனே வர மாட்டார். கட்டில் முனகவில்லை. இடுப்பிலிருந்து கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்தாள். வயிற்றுச் சூட்டில் சுண்ணாம்புப் பாலன் வெதுவெதுப்பாக இருந்தான். லேசைப் பிரித்து அதில் சுண்ணாம்பைச் சுற்றி வைத்துவிட்டு, பீங்கானைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் சொருகிக்கொண்டால் முடிந்தது. நீளம் ஒன்றுதான், விலை கொடுத்து வாங்கும்போதே விரலால் அளந்து பார்த்துத்தான் வாங்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருட்டில் யாருக்குத் தெரியப் போகிறது. மேல்துணியை எடுக்கும்போது கித்தேரிக்குத் தெரிந்துவிட்டால்? தெரிந்தால் என்ன சொல்வாள், கிறிஸ்மஸ் ராத்திரியில் என் பாலனைத் திருடிவிட்டாள் என்று தெருவில் நின்று கத்துவாளா, கத்த மாட்டாள், அவள்தான் பதிலே சொல்லாதவள் ஆயிற்றே. சரி, கொண்டுபோய் என்ன செய்வாய்? நடுவீட்டில் வைக்க முடியுமா? முடியாது, அடுத்த நிமிஷம் ஊருக்குத் தெரியும். பீரோவில் துணிக்கு அடியில் பூட்டித்தான் வைக்க வேண்டும். பூட்டி வைத்து? அதற்கு மேல் நினைப்பு ஓடவில்லை. எனக்கு வேண்டும் என்று கூட இல்லை போலிருக்கிறது, இங்கே இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இங்கே முழங்கால் போடுகிறவர்கள் அத்தனை பேரும் என்னுடைய சுண்ணாம்புக்கு முன்னால் முழங்கால் போட வேண்டும், தெரியாமலே போட வேண்டும், நான் மட்டும் பின்னால் நின்று பார்க்க வேண்டும். லேசை ஒரு சுற்றுப் பிரித்தாள். இன்னொரு சுற்று. கனமே இல்லை. பீங்கான் இவ்வளவு லேசாகவா இருக்கும். விரல் அழுத்தினால் அமுங்கியது. மூன்றாவது சுற்றில் முகம் தெரிந்தது, அதே சிவப்பு உதடு, அதே ரோஜாக் கன்னம். காகிதம். வாழ்த்து அட்டையிலிருந்து கத்தரித்து ஒட்டின முகம். அதன் ஓரத்தை நகத்தால் நெருடினால் அடியில் இன்னொரு முகம், அதற்கு அடியில் இன்னொன்று, பசையும் முகமுமாக ஒரு ரூபாய்க் காசு கனத்துக்கு. வருஷத்துக்கு ஒரு முகம். முகத்துக்குக் கீழே மஞ்சள். மஞ்சள் கம்பளி. பஞ்சு அடைத்து நூலால் கழுத்துக் கட்டின ஒரு சின்னஞ்சிறு காலுறை. ஒற்றைக் காலுறை. விளிம்பில் ஒரு கண்ணி விட்டுப் போயிருந்தது, அதைச் சரி பண்ணப் பொறுமை இல்லாமல் அப்படியே பின்னிக்கொண்டு போனது அமலிக்கு ஞாபகம் வந்தது. அது அவள் பின்னினது. அவளேதான்.

கீச்சென்ற அந்தச் சத்தம் மறுபடியும் காதுக்குள்ளே கேட்டது. நீயும் போளா. துணி எடுக்கவில்லை. பாலனை எடுத்தாள். சாமியார் வராத இடத்துக்கு, பாட்டு இல்லாத இடத்துக்கு, பிள்ளையோடு அவரைக் கூட அனுப்பினாள், ஒரு காலில் ஒரு மஞ்சள் உறையோடு. கொழும்பிலிருந்து வந்த பாலன் பதினேழு வருஷமாகக் கல்லறைத் தோட்டத்துப் பின்சுவர் ஓரத்தில் இருக்கிறார். அங்கேதான் அமலி ஒவ்வொரு ஆத்துமாக்கள் திருநாளுக்கும் மாமியார் கல்லறையில் மெழுகுத்திரி ஏற்றிவிட்டு, செருப்பைத் தேடிக்கொண்டு, அந்தச் சுவரோரமாகத்தான் குறுக்கே நடந்து வருவாள். அமலி காலுறையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். எத்தனை வருஷமாக எதைப் பார்த்து எரிந்தேன். என் மிச்ச நூலைப் பார்த்து. அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை, அன்றைக்கே சத்தமாக அழுது தீர்த்தாயிற்று போல. வந்தது வேறு ஒன்று, சொன்னால் வெட்கக்கேடு, அந்த நிமிஷத்திலும் ஒரு பொறாமைதான் வந்தது. இதைச் செய்ய எனக்குத் தோன்றியிருக்குமா? என் பிள்ளைக்கு அப்படி ஆகியிருந்தால் பாலனைக் கொடுக்க என் கை நீண்டிருக்குமா, பொன்பூச்சுக்கு நீண்ட கை? அக்காவின் அந்தக் குனிதல் கண்ணுக்குள்ளே வந்தது. முந்தானைக்குள்ளே அவள் சுற்றினது சுரூபத்தை இல்லை, ஒரு பிள்ளையை என்று இந்தத் தடவை தெரிந்தது. அப்போதுதான் காலுறையின் நுனியைப் பார்த்தாள். நூல் அறுந்து, கட்டைவிரல் பக்கம் வாய் பிளந்து, பஞ்சு எட்டிப் பார்த்தது. முறிந்த கையோடு அக்காவால் இதைத் தைத்திருக்க முடியாது. அலமாரித் தட்டில் ஊசி நூல் டப்பா இருந்தது. மஞ்சள் இல்லை, வெள்ளைதான் இருந்தது. அமலி பிரிந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசி நுனியில் பிடித்து இழுத்துக் கோத்தாள், விட்டுப்போன அந்தப் பழைய கண்ணியையும் சேர்த்து. முடிச்சுப் போட்டுப் பல்லால் நூலை அறுத்தபோது கம்பளி வாசனை மூக்கில் ஏறியது. லேசைப் பழையபடி சுற்றி, முகம் கொஞ்சம் போல் தெரிகிற மாதிரி விட்டு, முன்னிட்டியில் வைத்து, மேலே மூடுதுணியைப் போட்டாள். பல்பைக் கழற்றி மறுபடியும் மாதாவின் தோளுக்குப் பின்னால், அந்த ஆணியிலேயே மாட்டினாள். முன்னிட்டி இருண்டது. கண்ணாடிக் கதவை இழுத்துப் பூட்டினாள், பூட்டிவிட்டு ஒரு தடவை இழுத்தும் பார்த்தாள்.

"வச்சிட்டியாளா?"

"வச்சிட்டேங்க்கா."

"சரியா இருக்கா?"

அமலி சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு பேரும் இன்னும் பதினேழு வருஷம் ஓட்டிவிடலாம். "காலு கொஞ்சம் பிரிஞ்சு கெடந்துச்சுக்கா" என்றாள். "தச்சிட்டேன்."

வெளியே யாரோ தெருவில் நட்சத்திரம் கட்ட ஏணி கேட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டில் ஒரு தடவை முனகி நின்றது. சொல்லியிருக்கக் கூடாதோ, பிரிக்காதே என்றுதானே சொன்னாள். கிணற்றடியில் வாளிச் சத்தம் நின்ற மாதிரி இது நின்றுவிட்டால், இனி என்றைக்கு இறங்கும். வெகுநேரம் கழித்து, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நீ பின்னுனதுதானளா. வேற யாரு தச்சாலும் சேராது."

அமலி ஊசி நூல் டப்பாவை அலமாரித் தட்டில் திரும்ப வைத்தாள். கித்தேரி தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு அவள் பேசினபோது குரல் பழைய குரல் மாதிரி, பிரிவினைக்கு முன்னால் ஒரே அடுப்பில் இரண்டு பேரும் பொங்கின காலத்துக் குரல் மாதிரி இருந்தது.

"அந்த ஒட்டகத்தைக் கொஞ்சம் கொண்டாந்து இங்கன வைக்க மாட்டியா? எத்தன வருசமா எனக்கு அது மேல ஒரு கண்ணு தெரியுமா? உம் பிள்ளைய மூணும் மாத்தி மாத்தித் தடவி, திமிலு தேஞ்சு போயி நிக்கே, அத ஒரு நாளு எடுத்துட்டு ஓடிரலாமான்னு கூட இருந்திருக்கேன். சுவர் மட்டும் ஒசரமா இல்லாட்டி எடுத்திருப்பேன்."

அமலி எழுந்தாள். கைக்குட்டைப் பொட்டலத்தை மறுபடியும் இடுப்பில் சொருகிக்கொண்டு, கொல்லை வழியாகத் தன் வீட்டுக்குள் நுழைந்தாள். சந்தைக்கடை மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. ராஜாக்களை விலக்கிக் கையை உள்ளே விட்டு ஒட்டகத்தைத் தூக்கினாள். கட்டைவிரல் திமிலில் பட்டது. சிவப்பெல்லாம் போய் வழுவழுவென்று வெள்ளையாக இருந்தது அந்த இடம், மூத்தவன், நடுவுள்ளவன், சின்னவன், மூன்று பேர் கையும் தேய்த்த இடம். இத்தனை வருஷம் அதற்கு வர்ணம் அடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். இப்போது தூக்கினபோது, பாருங்கள் இந்த மனசை, கொடுக்க மனசு வரவில்லை. நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு கொல்லைக்கு வந்து, சுவர் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

"கொண்டாரேங்க்கா. ஆனா ரெண்டு நாளைக்குத்தான். அப்புறம் எனக்குத் திருப்பித் தந்துரணும்."